புதன்கிழமை இல்லாத வாரம்

கண்டக்டருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவன். அவனுக்குப் பின் ஒன்பது வருஷம் ஒன்றுமில்லாமல் போய், இனி எதற்கு என்று தொட்டிலைக்கூடத் தன் தங்கை வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்த பிறகு வந்து பிறந்தவள் மகள். தொட்டில் திரும்பி வந்தது. அவளுக்கு அவர் வைத்த பெயர் கடைசி சீட்டு. கடைசி வரிசையில் உட்காருகிறவனுக்குக் குலுக்கல் அதிகம், ஆனால் பஸ் முழுவதையும் பார்க்கிறவன் அவன்தான் என்பார். பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் ஒன்று பாஸ்போர்ட்டில் கிடக்கிறது. வீட்டில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

குரல் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்று நிறுத்தங்களின் பெயரைக் கூவிய குரல் அது. முன் படியில் நின்று கூவினால் பின் படியில் தூங்குகிறவன் எழுந்து இறங்குவான். வீட்டிலும் அதே குரல்தான். "குளிக்கிறவங்க இறங்கு, அடுத்தவங்க ஏறு" என்று காலையில் குளியலறை வாசலில் நின்று கூவுவார். குரல் போதாதென்று கைக்கும் ஒரு பேச்சு உண்டு. பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ. சாப்பிடும்போது மேஜையில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம், இரண்டு தட்டினால் இன்னும் போடு. அவருடைய மனைவிக்கு இது பிடிக்காது. "நான் என்ன டிரைவரா?" என்பாள். ஆனாலும் தட்டுக்குத் தகுந்தபடி கரண்டி போகும், நிற்கும்.

மகள் பாட்டுக்குழுவில் பாடி, ஹோட்டலில் பாடி, கடைசியில் உல்லாசக் கப்பலில் பாடகி வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்ற அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பாடுறதுக்குத் தண்ணி மேலதான் போகணுமா? தரையில யாரும் காது வச்சுக்கலையா?"

அத்தை, அதாவது தொட்டிலை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தவள், அவள் பங்குக்கு, "கப்பல்ல போனவங்க திரும்பி வந்தா நடக்கிறதே ஒரு மாதிரி இருக்குமாமே" என்றாள்.

கண்டக்டர் எழுந்து வந்தார். அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். "காலை அகட்டி வை. முட்டியை இறுக்காதே, தளர்த்து. தரை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் நீயும் கொஞ்சம் போ. எதிர்த்து நின்னா விழுவே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன புத்தி. மறுநாள் டாக்ஸியின் கூரையில் இரண்டு தட்டு தட்டினார். அவள் போனாள்.

அது நடந்து ஏழு வருஷம். எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு என்று ஏழு வருஷம். தெருவில் அவளுக்கு உலகம் சுற்றுகிறவள் என்று பேர். சுற்றியது உண்மைதான். ஆனால் அவள் பார்த்த உலகம் பெரும்பாலும் துறைமுக வாசலுக்கு எதிரே இருக்கும் காபிக்கடைதான். இலவச வைஃபைக்காகக் கப்பல் ஆட்கள் அங்கே தரையிலும் சுவரோரத்திலும் உட்கார்ந்திருப்பார்கள். சமையல்காரன், துணி வெளுப்பவன், மாயாஜாலக்காரன் எல்லோரும் ஆளுக்கொரு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவரவர் பாஷையில் அழுவார்கள், சிரிப்பார்கள். நாலு மணி நேரம் போனால் திரும்பக் கப்பல்.

கப்பலுக்குள் அவளுடைய அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. மேலொன்று கீழொன்றாக இரண்டு படுக்கை, இழுத்து மூடிக்கொள்ள ஒரு திரை. கீழ்ப் படுக்கை இவளுக்கு, மேல் படுக்கை கயிற்றுக்காரிக்கு. கயிற்றுக்காரி என்றால் மேடைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றில் தலைகீழாகச் சுழலுகிறவள். வெளியே கப்பலின் தலையிலிருந்து வால்வரை ஒரே நடைபாதை. கடைத்தெரு மாதிரி எப்போதும் தள்ளுவண்டிகள் ஓடும். தினம் இரண்டு ஆட்டம், ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. பாடகி என்றால் பாடிவிட்டுப் போகலாம் என்றில்லை. ஆபத்து மணி அடித்தால் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பதினான்காம் நம்பர் உயிர்காக்கும் படகடியில் நின்று பயணிகளை எண்ண வேண்டும். முதல் தடவை எண்ணும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடுகிற தரையில் நின்று ஆள் எண்ணுகிற வேலை. அப்பாவும் அதைத்தானே செய்தார்.

அவள் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டுவாள். இடது கையில் கப்பல் நேரம். அது நிலையில்லாத நேரம். கப்பல் மேற்கே போகப் போக இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு தாள் ஒட்டுவார்கள்: படுக்கப் போகுமுன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளவும். வலது கையில் வீட்டு நேரம். அதை யாரும் தள்ளுவதில்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்தது. வட்ட முகம், மூன்று முள். கிழமை தேதி காட்டுகிற ஜன்னல் அதில் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

ஏழாவது வருஷத்தில் கண்டக்டரின் தொண்டை கட்டியது. சளி என்றார்கள், சூடு என்றார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் குரல்பெட்டியில் கட்டி என்று தெரிந்தது. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடலாம், பேச்சு மட்டும் இருக்காது என்றார் டாக்டர். அதுவரை தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதால் ஒரு வாரம் வாய் திறக்கத் தடை. ஆபரேஷன் அன்று காலை ஒன்பது மணிக்கு, உள்ளே கொண்டுபோகுமுன், ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளலாம்.

கடைசித் துறைமுகத்துக் காபிக்கடையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் அவள் அண்ணனிடமிருந்து கேட்டாள். அதற்குப் பின் ஒன்பது நாள் வெறும் கடல். இறங்கி ஓட வழியில்லை.

"புதன்கிழமை காலைல ஒன்பது மணி. மூணு நிமிஷம் எங்களுக்காம், ரெண்டு நிமிஷம் உனக்காம். எழுதியே காட்டிட்டாரு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்" என்றான் அண்ணன்.

"என்ன விஷயம்?"

"கேட்டேன். சீட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு."

அந்த விஷயம் என்னவென்று அவளுக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்தாள். அல்லது பயந்தாள். ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம்தான் இருந்தது. புது ஒப்பந்தத் தாள் வந்திருந்தது. ஏழு வருஷத்தில் அவர் ஒருமுறையும் வா என்று சொன்னதில்லை. இப்போது சொல்வாரோ. சொன்னால் போக வேண்டும். அவர் வாயால் வருகிற கடைசிச் சொல் அதுவாக இருந்தால் அதை எப்படி மீறுவது? போ என்று சொல்வாரோ. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு மாதிரிதான். எதுவானாலும் அந்தக் குரலில் கேட்டாக வேண்டும். அந்தக் குரல் இனி இல்லை.

நடுக்கடலில் போன் எடுக்காது. வெளியே பேச வேண்டுமென்றால் தகவல் அறையில் இருக்கும் கப்பல் போனில்தான் பேசலாம். அதற்கு நிகழ்ச்சி மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அவள் கணக்குப் போட்டாள். கொஞ்ச நாளாகவே இவள் மத்தியானம் பேசினால் அங்கே காலை. அடுத்த வாரம் கடிகாரத்தைத் தள்ளுவதையும் சேர்த்தால், வலது கையில் ஒன்பது ஆகும்போது இடது கையில் மூன்றரை. சீட்டில் எழுதினாள்: புதன், மூன்றரை மணி, கால் மணி நேரம், தந்தையின் அறுவை சிகிச்சை. மேனேஜர் ஒரு நாளைக்கு நாற்பது சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர். இதிலும் போட்டார்.

அந்த வாரத்து ஒத்திகைத் தாள் வந்தபோது அவளுக்கு இன்னொரு சந்தோஷம். திங்கள் இருந்தது, செவ்வாய் இருந்தது, அடுத்த கட்டத்தில் வியாழன் இருந்தது. புதன் கட்டமே இல்லை.

"புதன் நமக்கு லீவு போல" என்றாள் கயிற்றுக்காரியிடம்.

"லீவா? இந்தக் கப்பல்லயா?" என்றாள் அவள், கால் கட்டை விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே. "பார்த்துக்கோ, கடைசி நேரத்துல வேற எதையாவது தூக்கித் தலையில வைப்பாங்க."

செவ்வாய் மத்தியானம் ஒத்திகை. பியானோ வாசிக்கிறவனுக்கு மீசை என்று பெயர், பெயருக்கேற்ற மீசை. இவள் ஒரே இடத்தில் இரண்டு தரம் தாளம் தவறினாள்.

"எங்க இருக்கே?"

"நாளைக்கு இருக்கேன்" என்றாள்.

கடிகாரங்களைப் பார்த்தாள். இடதில் மூன்றரை. வலதில் சரியாக ஒன்பது. மனசு நிறைந்தது. கணக்குச் சரி. நாளைக்கு இதே நேரம் என்று சொல்லிக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடினாள். நன்றாகவே பாடினாள் என்று மீசை பின்னால் சொன்னான். அதற்காக அவள் அவனைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை எழுந்து, தலைக்குக் குளித்து, அடர்நீலச் சட்டை போட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். வாசலில் தாள் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அன்றைய வேலைகள்.

ஒட்டுகிறவன் தவறிப்போய் நாளைய தாளை ஒட்டிவிட்டான் என்று நினைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கயிற்றுக்காரி.

"நாளைக்குத் தாளை இன்னைக்கே ஒட்டிட்டாங்க பாரு."

"இன்னைக்குத் தாள்தான்."

"இன்னைக்குப் புதன்."

"இன்னைக்கு வியாழன். நேத்து ராத்திரி தேதி மாறுற கோட்டைத் தாண்டிட்டோம். செவ்வாய்க்கு அடுத்து வியாழன்னு ரெண்டு நாளா ஒட்டியிருந்ததே, நீ பார்க்கலையா?"

பார்த்திருந்தாள். அச்சுப் பிழை என்று நினைத்திருந்தாள். ஒத்திகைத் தாளிலும் கட்டம் இல்லாததைப் பார்த்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"அப்போ புதன் எங்கே?"

"இல்லை."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லை. மேற்கே போனா ஒரு நாள் போயிடும். கிழக்கே வந்தா ஒரே நாள் ரெண்டு தரம் வரும். போன வருஷம் எனக்கு ரெண்டு திங்கள்கிழமை வந்தது. இதுதான் பரவாயில்லை" என்றாள் கயிற்றுக்காரி. பிறகு இவள் முகத்தைப் பார்த்து ரொட்டியைக் கீழே வைத்தாள்.

இவள் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதை முழுக்க ஓடினாள். தகவல் அறை ஆள் சீட்டை வாங்கிப் படித்தான், திருப்பிப் பார்த்தான்.

"இந்த நாள் இல்லையே, மேடம்."

"மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"போட்டிருக்காரு. நாளுதான் இல்லை. மூணரைக்கு வாங்க, இன்னைக்கு மூணரைக்குத் தரேன்."

"இன்னைக்கு எங்க வீட்டுல என்ன கிழமை?"

அவன் நல்லவன். விரலை மடக்கி ஒரு தரம், பிரித்து ஒரு தரம் எண்ணினான். "இன்னும் விடியல. வியாழன்" என்றான். "புதன் முடிஞ்சுபோச்சு."

"நான் தூங்கிட்டிருந்தப்போ முடிஞ்சுதா?"

"முழுசா இல்லை. கொஞ்சம் நீங்க முழிச்சிருந்தப்பவே வந்து போயிருக்கும்."

இதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கப்பல் ஒரு நாளைத் தின்றுவிட்டது என்றால்கூடக் கப்பலைத் திட்டலாம். மீசையிடம் போனாள். அவன் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, பேனாவால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தான். இது சூரியன் என்று விளக்கைக் காட்டினான். இது உன் வீடு என்று ஒரு புள்ளி. இது நாம் என்று ஒரு புள்ளி. பழத்தைச் சுற்றினான்.

"நேத்து மூணரை மணிக்கு உன் வலது கை என்ன காட்டுச்சு?"

"ஒன்பது."

"காலையா, ராத்திரியா?"

"காலை."

"எந்தக் காலை? செவ்வாய்க் காலையா, புதன் காலையா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் மூன்று முள் இருந்தது.

"அவங்க நமக்கு முன்னாடி போயிட்டாங்க. நாம செவ்வாய்ல இருக்கும்போதே அங்க புதன் விடிஞ்சாச்சு. நேத்து ஒத்திகையில என்னை மூணு தரம் முதல்லேர்ந்து வாசிக்க வச்சியே, அப்போதான் அது."

அவள் பழத்தை அவன் கையிலிருந்து வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வீட்டுப் புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது. நாளைக்கு இதே நேரம் என்று அவள் மனசு நிறைந்த அந்த நிமிஷத்தில் அப்பா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் புரிந்தது. மற்றது புரியவில்லை.

மேனேஜர் புதன் என்பதை அடித்து வியாழன் என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டார். மன்னிப்பும் கேட்டார், பாவம். பதினொரு மணிக்கு இணைப்புக் கிடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்த அண்ணன் எடுத்தான்.

"நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சாரு. நீ எங்க போனே?"

"நான் எங்கேயும் போகலண்ணா. நாள்தான் இல்லை."

"என்னது?"

"எங்களுக்குப் புதன்கிழமை வரல."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாட்டு ஏதாவது இருந்துச்சுன்னா இருந்துச்சுன்னு சொல்லு" என்றான் அண்ணன். "புதன்கிழமை வரலன்னு சொல்லாதே. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க."

ஐந்து வாரம் கழித்து ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தாள். அண்ணி பெட்டியை வாங்கி வைத்தாள். அண்ணன் முதல் வார்த்தையாக, "இன்னைக்கு என்ன கிழமை தெரியுமா?" என்றான். தெரு பூராவும் அந்தக் கதை பரவியிருந்தது. மூலைக் கடைக்காரர், "போன வாரம் என் கடையில ஒரு வெள்ளிக்கிழமை காணாமப் போச்சு, நீ எடுத்துட்டுப் போனியா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்டக்டர் இளைத்திருந்தார். கழுத்தில் மெல்லிய துணி. பேரனுடைய சிலேட்டு ஒன்று எப்போதும் மடியில். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, அவள் கால்களைப் பார்த்தார். வீட்டுக் கூடத்திலும் அவள் காலை அகட்டித்தான் நின்றிருந்தாள். அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு அவளுக்குப் புதிது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவரிடம் கேட்கத் தைரியம் வராமல் மற்றவர்களிடம் கேட்டாள். ஐந்து நிமிஷத்தில் அப்பா என்ன சொன்னார்?

"எங்க மூணு நிமிஷத்துல காஸ் சிலிண்டரைப் பத்திச் சொன்னாரு, உன் அண்ணனைக் கோபப்படாதேன்னாரு" என்றாள் அம்மா. "அப்புறம் உன் போனுக்காகக் காத்திருந்தாரு. வரல. 'அவளை வந்துடச் சொல்லு, போதும்'னு சொன்னாரு. என் காதால கேட்டேன்."

அண்ணனிடம் கேட்டாள். அவன் கையில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்துக்கொண்டே, "அப்படி எங்க சொன்னாரு? 'என்னால அவ வேலையை விட்டுடக் கூடாது'ன்னாரு. நான்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எனக்குத் தெரியாதா?" என்றான்.

அத்தையிடம் கேட்டாள். "ரெண்டும் இல்லை. எங்க அண்ணன் அன்னைக்குப் பழைய ரூட்டுல இருந்த நிறுத்தம் எல்லாத்தையும் வரிசையா கூவினாரு. நர்ஸ் ஓடி வந்துட்டா. கடைசி நிறுத்தம் வரைக்கும் சொல்லிட்டுத்தான் படுத்தாரு" என்றாள். சொல்லும்போதே அத்தைக்குக் கண் கலங்கியது. பொய் சொல்கிறவளுக்கு அப்படிக் கலங்காது. ஆனால் அத்தை அன்று ஒன்பதரைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்கிறாள் அண்ணி.

ஒரே அறை, ஒரே ஐந்து நிமிஷம், ஆளுக்கொரு பேச்சு. எலுமிச்சம்பழமே தேவலை என்று தோன்றியது அவளுக்கு. ஏஜென்சி ஆபீஸில் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்தா இல்லையா என்று. அம்மா சொன்னது நிஜமென்றால் போகக் கூடாது. அண்ணன் சொன்னது நிஜமென்றால் போகாமல் இருக்கக் கூடாது. அத்தை சொன்னதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கேட்க மட்டும் நன்றாக இருக்கிறது.

இதற்கும் அடியில் இன்னொன்று கிடந்து உறுத்தியது. தாளைப் பார்த்தேனே, கட்டம் இல்லாததைப் பார்த்தேனே, மீசையிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? வா என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கண்ணே படிக்க மறுத்துவிட்டதா? தெரிந்தே செய்தேனா, தெரியாமல் செய்தேனா? இதை அவளுக்குச் சொல்ல எந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கவும் பழம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவும் அவளும் மட்டும் கூடத்தில் இருந்தார்கள். அவர் சூப்பைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, அன்னைக்கு என்கிட்ட என்ன சொல்லணும்னு இருந்தீங்க? இவங்க மூணு பேரும் மூணு சொல்றாங்க."

அவர் கிண்ணத்தை ஓரமாக வைத்து, வாயைத் துடைத்து, சிலேட்டை எடுத்தார். மெதுவாக எழுதினார். டிக்கெட் கிழித்த கை, எழுத்து சின்னதாக இருக்கும்.

அவங்க சொல்றது அவங்க பேச்சு. மூணு நிமிஷத்துக்கு மேல நான் பேசல.

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

உன் ரெண்டு நிமிஷத்தை யாருக்கும் கொடுக்கல. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது அப்படியே இருக்கு.

அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்போ இப்போ எழுதுங்க. போகணுமா, வேண்டாமா?"

அவர் சிலேட்டை நன்றாகத் துடைத்தார். பிறகு எழுதினார்: எழுதுற விஷயம் இல்ல.

"நீங்க கோபமா இருக்கீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு யோசித்து, ஆமாம் என்றும் கொஞ்சம் ஆட்டினார். சிலேட்டைத் துடைத்து, புதன் எங்க போச்சு என்று எழுதிக் காட்டினார்.

அவள் உள்ளே போய் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வந்தாள். எலுமிச்சம்பழம் வீட்டில் இல்லை. கத்தியால் ஒரு கோடு கீறினாள், சுவர் விளக்கைக் காட்டினாள், சுற்றினாள். பாதியில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது மறந்துபோய் நின்றாள். அவர் உருளைக்கிழங்கை வாங்கி ஒரு தரம் அந்தப் பக்கம், ஒரு தரம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையலறையை நோக்கி நீட்டினார். சமைக்கக் கொடு என்று அர்த்தம்.

திங்கள் காலை அவள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அம்மா எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. பையில் ஒப்பந்தத் தாளும் இருந்தது, வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடிதமும் இருந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, கூடவே பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு தூரம் நடப்பது அதுதான் முதல் தரம்.

பஸ் வந்தது. கூட்டம் அதிகமில்லை. அவள் ஏறி, பின் வரிசைவரை போய், ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். புதுக் கண்டக்டர் சின்னப் பையன், முன்னால் யாருக்கோ சில்லறை தேடிக்கொண்டிருந்தான். பஸ் நின்றுகொண்டே இருந்தது. அவர் நடைபாதையை விட்டு இறங்கி, அவள் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றார். வாயைத் திறந்தார். பழக்கம் விடவில்லை. ஒன்றும் வராதென்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டார். கையை உயர்த்தினார்.

ஒரு தட்டு. தகரம் அதிர்ந்தது அவள் முழங்கையில் தெரிந்தது. அவர் கை பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியபடியே இருந்தது. எடுக்கவில்லை. அவருடைய முகத்தை அவள் பார்த்தாள், அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அண்ணன் சொன்னதும் அம்மா சொன்னதும் அந்த முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது.

பிறகு கை எழுந்து இரண்டாவது தட்டு தட்டியது.

டிரைவர் கியரைப் போட்டார். முன்னாலிருந்து சின்னக் கண்டக்டர், "யாருய்யா அது, நான் சொல்றதுக்கு முன்னாடி ரைட் கொடுத்தது?" என்று கத்தினான். பஸ் நகர்ந்துவிட்டது. அப்பா நடைபாதைக்கு ஏறி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனது மட்டும் தெரிந்தது.

அது டிரைவருக்குத் தட்டியதா, தனக்குத் தட்டியதா என்று அவள் ஆபீஸ் நிறுத்தம்வரை யோசித்தாள். முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதையும் யோசித்தாள். வெகுநேரம் போலத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. காலை அகட்டி, முட்டியைத் தளர்த்தி நின்றுகொண்டே போனாள்.

ஆபீஸில் எழுத்தர் அம்மாள் ஒப்பந்தத் தாளை அவள் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டாள். அவள் கையெழுத்துப் போட்டாள். கடிதம் பைக்குள்ளேயே இருந்தது, அதைக் கிழிக்கவும் இல்லை.

"ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுக்கோங்க" என்றாள் எழுத்தர்.

"இருக்கு. இந்தக் கப்பல் போற வழியில எல்லாக் கிழமையும் வருமா?"

எழுத்தர் அம்மாள் பேனாவை மூடிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாரம்னா எல்லாக் கிழமையும் வரத்தானேம்மா செய்யும்?"

"வராதுங்க. பயண வரைபடம் இருந்தா கொடுங்க, நானே பார்த்துக்கறேன்" என்றாள் கடைசி சீட்டு. மேஜைமேல் அதை விரித்து, விரலால் கோட்டைத் தேட ஆரம்பித்தாள்.